தோணியை நடத்துபவர் பெயர் தண்டல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற தோணி ஒன்றில் நடுக்கடலில் தண்ணீர் புகுந்ததையும், தோணி மூழ்குவதற்குள் அதிலிருந்த அனைவரும் மீட்கப்பட்டதையும் சென்ற மாதம் தங்கள் நாளிதழில் படித்தேன். மற்றப் பத்திரிகைகள் நாலு வரியில் முடித்துக்கொண்ட செய்திக்கு நீங்கள் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அதற்கு எங்கள் ஊரின் நன்றி. ஆனால் அந்தத் தோணியை நடத்திச் சென்றவரைத் தலைப்பில் 'படகோட்டி' என்றும், நடுவில் 'கேப்டன்' என்றும், கடைசிப் பத்தியில் 'தண்டல்காரர்' என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். ஒரே மனிதர், ஒரே செய்தி, மூன்று பெயர்கள். மூன்றும் அவருக்கு உரியவை அல்ல. அவர் தண்டல்.

தங்கள் நிருபர் துறைமுகத்தில் 'தண்டல்' என்ற சொல்லைக் காதால் கேட்டிருக்கிறார் என்பது கடைசிப் பத்தியில் தெரிகிறது. அலுவலகத்தில் யாரோ அதற்குக் 'காரர்' சேர்த்திருக்க வேண்டும். அங்கேதான் பொருள் தலைகீழாகிவிட்டது. சென்னையில் தண்டல்காரர் என்றால் கடைக்குக் கடை போய் நாள் வட்டி வசூலிப்பவர். வரி தண்டல் என்பதும் நாம் அறிந்ததே. தண்டுதல் என்றால் வசூலித்தல். அந்தச் சொல்லும் நல்ல தமிழ்தான். ஆனால் கடலில் ஒரு தோணியையும் அதிலுள்ள உயிர்களையும் ஏற்று நடத்தும் தண்டலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தத் தண்டலின் வீட்டில் தங்கள் செய்தியை வெட்டி வைத்திருக்கிறார்கள். 'காரர்' என்ற மூன்று எழுத்தின் மேல் பேனாவால் கோடு போட்டிருக்கிறார்கள். தலைப்பில் 'படகோட்டி' என்பதை அடித்து மேலே 'தண்டல்' என்று எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கையெழுத்து. அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நான் தூத்துக்குடி பழைய துறைமுகத்தில், தோணிகளுக்குச் சரக்குப் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். சரக்குப் பட்டியல் எழுதுவது, ஆட்களின் பட்டியல் எழுதுவது, சுங்கத்தில் முத்திரை வாங்குவது என் வேலை. தோணியில் போகிறவர்களின் பெயர்களை எழுதும்போது முதல் வரி தண்டலுக்கு. அவர் பெயருக்குப் பிறகுதான் சுக்கான் பிடிப்பவர், என்ஜின் டிரைவர், மற்ற ஆட்கள், சமையல் செய்யும் பண்டாரி என்று வரும். அந்த வரிசையை யாரும் மாற்ற மாட்டார்கள். தோணி உரிமையாளரே ஒரு பயணத்துக்குத் தோணியில் ஏறினாலும் கடலில் அவர் பயணிதான். கரை தாண்டிய பிறகு சொல் தண்டலுடையது.

முதலில் தோணி என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தங்கள் செய்தியில் அது 'படகு' என்றும் வருகிறது, 'விசைப்படகு' என்றும் வருகிறது. வெளியூர் வாசகர் அதைப் படித்தால் மீன்பிடிப் படகு என்றுதான் நினைப்பார். தூத்துக்குடித் தோணி முழுக்க மரத்தால் கட்டிய சரக்குக் கப்பல். அடிமரமான ஏராக் கட்டையைப் போட்டு, அதன்மேல் விலா எலும்பு போன்ற வங்குகளை நிறுத்தி, பலகை அடித்து, தண்ணீர் புகாதபடி இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடித்துக் கட்டுவார்கள். பெரிய தோணி 300 டன் சரக்கைத் தாங்கும். ஒரு தலைமுறைக்கு முன்புவரை பாய் மட்டும்தான். இன்று என்ஜின் ஓடுகிறது. வெங்காயம், உருளைக்கிழங்கு, காய்கறி, கருப்பட்டி, சிமெண்டு, செங்கல், ஜல்லி என்று தீவுக்காரர்களுக்கு வேண்டியதையெல்லாம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலேக்கும் லட்சத்தீவுக்கும் போய் வந்திருக்கிறது. கன்டெய்னர் கப்பல்கள் வந்து தொழில் சுருங்கிப் போனாலும் இன்றும் பழைய துறைமுகத்தில் தோணி கட்டி நிற்கிறது.

1974-இல் புதிய துறைமுகம் திறக்கும்வரை இந்த ஊருக்கு வந்த பெரிய கப்பல்கள் கரைக்கு வந்து நின்றதில்லை. கரையோரம் ஆழம் போதாது. கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சு மூட்டையும் உப்பு மூட்டையும் தோணிகளில்தான் அவற்றுக்குப் போக வேண்டும். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினாரே, அந்தக் காலத்துத் தூத்துக்குடியும் இதுதான். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலையில் ஆடிய ஒவ்வொரு தோணியிலும் ஒரு தண்டல் இருந்தார். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. தொழிலின் பெயராவது அச்சில் நிற்கட்டும் என்று கேட்பது பெரிய ஆசையாகாது.

தண்டல் என்றால் என்ன பொருள் என்று என்னைக் கேட்டால், அகராதியை எடுக்க மாட்டேன். நான் எழுதிக் கொடுத்த ஒரு தாளைச் சொல்வேன்.

வாடைக் காற்று பலத்திருந்த ஒரு மார்கழியில், கொழும்புக்குப் புறப்பட்ட தோணி ஒன்று பாதி வழியில் திரும்பி வந்தது. மேல்தளத்தில் அடுக்கியிருந்த வெங்காய மூட்டைகளில் பெரும்பகுதி இல்லை. தண்டல் வீட்டுக்குப் போகவில்லை. நேரே எங்கள் ஏஜென்சிக்கு வந்தார். சட்டையில் உப்பு பூத்திருந்தது. காபி வாங்கி வரச் சொன்னேன். அதை ஆறவிட்டுவிட்டு, "கணக்கப்பிள்ளை அண்ணாச்சி, முதலில் எழுத்தை முடிப்போம்" என்றார். இப்படித் திரும்பி வரும் தண்டல், காற்றும் கடலும் என்ன செய்தன, தான் என்ன செய்தேன் என்று வாக்குமூலம் எழுதி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். துறைமுகத்தில் அதைப் 'புரோட்டஸ்ட்' என்பார்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எந்த நேரத்தில் காற்று வடக்கே திரும்பியது, ஈயக்குண்டைப் போட்டுப் பார்த்தபோது எத்தனை பாகம் (இரு கையையும் விரித்த அளவு ஒரு பாகம்) ஆழம் இருந்தது, அடித்தளத்தில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியது எப்போது, பம்பு எப்போது அடைத்துக்கொண்டது - எல்லாம் வரிசையாக வந்தன. 'தோணியையும் உயிர்களையும் காக்கும் பொருட்டு மேல்தளச் சரக்கு கடலில் எறியப்பட்டது' என்று வழக்கமான வாசகத்தை எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். அந்த இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எறியப்பட்டது என்றால் யார் எறிந்தது? காற்றா? தண்டலாகிய நான் சொல்லி, என் ஆட்கள் எறிந்தார்கள் என்று எழுதுங்கள். நாளைக்குச் சரக்குக்காரர் வந்தால் என் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். பயல்களைக் கேட்கக் கூடாது."

அப்படியே மாற்றி எழுதினேன். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார். காபியைத் தொடாமலே எழுந்து போனார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பணத்தால் ஆன கனமும் உண்டு. மிச்சச் சரக்கையும் கலத்தையும் காப்பாற்றுவதற்காக எறிந்த சரக்கின் நட்டத்தை, கலத்தின் உரிமையாளரும் சரக்குக்காரர்கள் அனைவரும் அவரவர் மதிப்புக்குத் தக்கபடி பங்கிட்டுக்கொள்வது கடல் வணிகத்தின் மிகப் பழைய வழக்கம். எறிந்தது வேண்டுமென்றே, ஆபத்தை உணர்ந்து, பொறுப்பில் இருந்தவர் முடிவெடுத்துச் செய்தது என்று காட்டினால்தான் பங்கீடு நடக்கும். அலை அடித்துக்கொண்டு போனதென்றால் கதை வேறு. ஆகவே முடிவெடுத்தவர் யார் என்பது ஒவ்வொரு கடல் விபத்திலும் முதல் கேள்வி. தங்கள் செய்தியில் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. 'படகோட்டி உட்பட' என்று எண்ணிக்கையில் சேர்த்துவிட்டீர்கள். அதே தோணியில் சுக்கான் பிடித்திருந்தவரும் ஒரு வகையில் ஓட்டியவர்தான். விசாரணை என்று வந்தால் இருவரும் ஒருவரா?

படகோட்டி என்ற சொல்லை நான் தாழ்த்தவில்லை. கொடைக்கானல் ஏரியில் துடுப்புப் போட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவருக்கு அது பொருத்தமான, கௌரவமான பெயர். ஒகேனக்கலில் பரிசல் ஓட்டி இருக்கிறார். அந்தச் சுழலில் பரிசலைத் திருப்பும் கை எல்லோருக்கும் வாய்க்காது. மீன்பிடித் தொழிலில் படகும் வலையும் சொந்தமாக உள்ளவர் சம்மாட்டி. விசைப்படகைச் செலுத்துகிறவரை டிரைவர் என்பார்கள். குமரிக் கடற்கரையில் ஸ்ராங்கு என்பார்கள். கடற்கரைக்காரன் ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறான். பெயரைக் கேட்டவுடன் சொந்தக்காரர் யார், கூலிக்காரர் யார், பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று அவனுக்கு விளங்கிவிடும். எல்லோரையும் படகோட்டி ஆக்கிவிட்டால் அந்த விளக்கம் போய்விடுகிறது.

'கப்பல் செலுத்துகிறவருக்கு மீகாமன் என்று அழகான தமிழ்ச்சொல் இருக்கிறதே' என்று தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் வாதாடினார். இருக்கிறது. நீகான் என்றும் சங்கப் பாட்டில் வருகிறது. அகநானூற்றின் 255-ஆம் பாட்டில், இரவில் வரும் வங்கம் என்ற பெரிய கப்பலை நீகான் கலங்கரை விளக்கின் தீயைப் பார்த்துத் திசையறிந்து செலுத்துகிறான். முயல் தீவுக் கலங்கரை விளக்கைத் தேடித் தூத்துக்குடிக்குள் நுழைந்த அத்தனை தண்டல்களும் அந்த நீகானின் வாரிசுகள்தான் என்று நானும் நம்புகிறேன். ஆனால் பழைய துறைமுகத்தில் போய் 'மீகாமன் எங்கே?' என்று கேட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 'தண்டல் அண்ணாச்சி எங்கே?' என்றால் மூட்டை சுமக்கிறவர்கூடக் கை காட்டுவார். வாழும் சொல்லை விட்டுவிட்டுப் பாட்டிலிருந்து ஒரு சொல்லை இறக்குவது செய்திக்கு ஆகாது.

மாலுமி என்று பொதுவாக எழுதிவிடலாம் என்பார்கள். அந்தச் சொல்லின் கதையே எனக்கு எச்சரிக்கை. அரபு மொழியில் ஆசிரியர் என்று பொருள்படும் 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்தது அது. அந்தக் காலத்துக் கப்பலில் விண்மீனும் திசையும் கணித்து வழிகாட்டியவருக்கு அந்தப் பெயர். இன்று கயிறு இழுக்கும் பையன் வரை எல்லோரும் மாலுமி. வழிகாட்டியின் பெயர் எல்லோருக்கும் பொதுவாகிக் கரைந்துவிட்டது. தண்டலும் அப்படிக் கரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இது எங்கள் ஊருக்கு மட்டுமே உரிய சொல் என்று நினைத்தும் ஒதுக்கிவிட வேண்டாம். ஆந்திரக் கடற்கரையில் தண்டேல், மலையாளத்தில் தண்டல், மராட்டியத்திலும் குஜராத்தியிலும் டண்டேல். தமன், வல்சாட் பக்கம் அது குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. அக்பர் காலத்து நூலான ஆயின்-இ-அக்பரி கப்பல் பணியாளர்களை வரிசைப்படுத்தும் இடத்தில், கலாசிகள் எனப்படும் கப்பலாட்களின் தலைவரை இந்தப் பெயரால்தான் குறிக்கிறது. துடுப்பைக் குறிக்கும் 'தண்டு' என்ற நம் சொல்லிலிருந்து வந்ததென்று சிலரும் பாரசீகத்திலிருந்து வந்ததென்று சிலரும் சொல்வார்கள். வேர் எங்கே இருந்தாலும் இந்தத் துணைக்கண்டத்தின் இரு கரையும் ஒப்புக்கொண்ட பதவிப் பெயர் அது. சென்னைக்குத் துறைமுகம் கட்டப்படாத காலத்தில், அலை உடையும் கரையிலிருந்து மனிதர்களையும் சரக்கையும் கப்பலுக்குக் கொண்டுபோன மசூலாப் படகுகளிலும், பின்னால் நின்று திசைத் துடுப்பைப் பிடித்தவர் தண்டல்தான்.

ஈழத்தில் அவரைத் தண்டையல் என்பார்கள். வல்வெட்டித்துறையில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் மரியாதையை அங்கிருந்து வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ஊரில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறைக்காரர்களே அதைச் செலுத்திக்கொண்டு போய் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். அந்தப் பயணத்தை நடத்தியவரையும் ஊர் இன்றுவரை தண்டையல் என்றுதான் சொல்கிறது. அட்லாண்டிக்கைக் கடந்தவருக்கே போதுமாக இருந்த பெயர் அது. அதற்குப் பதிலாகக் கேப்டன் என்று எழுத என்ன அவசியம்?

அரசாங்கமும் இந்தப் பெயரை ஏற்றுக்கொண்டதுதான். 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் பாய்மரக் கலங்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, அத்தகைய கலத்தின் தலைமையில் அல்லது பொறுப்பில் இருப்பவர் 'டிண்டல்' என்று வரையறுத்தது. தண்டல் ஆங்கிலத்தில் அப்படி உருமாறியது. என்ஜின் பொருத்திய பிறகும் தோணி இந்த வகையில்தான் சேர்ந்தது. நான் ஆங்கிலத்தில் நிரப்பிய படிவங்களில் எல்லாம் அந்த இடத்துக்கு அந்தச் சொல்தான் அச்சடித்திருந்தது. வெள்ளைக்காரனும் டெல்லியும் மதித்து வைத்துக்கொண்ட சொல்லை, தமிழ் நாளிதழ் தமிழ் வாசகனுக்கு எழுதும்போது விட்டுவிடலாமா?

தண்டலின் வேலை கடலில் தொடங்குவதில்லை. சரக்கு ஏற்றும்போதே தொடங்குகிறது. ஏஜென்சிக்கு இன்னும் நூறு மூட்டை ஏற்றினால் லாபம். உரிமையாளருக்கும் அப்படித்தான். தண்டல் மட்டும் கரையில் குந்தியபடி தோணியின் முன்புறமான அணியத்தையும் பின்புறத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். முன்பக்கம் தாழ்ந்தால் தோணி அலைக்குள் மூக்கை நுழைக்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஆட்டத்தில் சரக்கு சரியும். திடீரென்று எழுந்து 'போதும்' என்பார். அத்தோடு சரக்கு ஏற்றுவது நின்றுவிடும். மூட்டையோடு பலகையில் ஏறிக்கொண்டிருப்பவர் அப்படியே திரும்பி இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். முதலாளி என்ற முறையில் வாதாடிய உரிமையாளர்கள் உண்டு. 'அப்படியானால் வேறு தண்டலைப் பாருங்கள்' என்ற பதிலுக்கு மேல் அவர்களால் பேச முடிந்ததில்லை.

தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் தோணிகள் மாலேக்குப் போவதில்லை. அந்த மாதங்களில் தண்டல்களைக் கரையில் பார்க்கலாம். கலப்பத்து வேலையை மேற்பார்வை பார்ப்பார்கள், கயிறு மாற்றுவார்கள், பனிமய மாதா திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போவார்கள். தங்கள் நிருபர் ஒருவரை அந்தச் சமயத்தில் அனுப்பி வையுங்கள். பழைய துறைமுகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று நான் கூட்டிக்கொண்டு போகிறேன். கடலில் விபத்து நடந்தால் மட்டும் அவர்களைப் பற்றி எழுதுவது என்ற வழக்கமும் அதோடு மாறட்டும். காற்றின் பெயர்களை அவர்கள் வாயால் கேட்டு எழுதினாலே ஒரு ஞாயிறு இணைப்புக்குப் போதும்.

இப்போது நான் கேட்பது சிறிது. மூழ்கிய தோணி குறித்து விசாரணை நடக்கவிருப்பதாகத் தங்கள் செய்தியே சொல்கிறது. அடுத்த செய்தி வரும்போது அந்தக் கலத்தைத் தோணி என்றும் அவரைத் தண்டல் என்றும் எழுதுங்கள். வெளி மாவட்ட வாசகருக்குப் புரியாதென்று தோன்றினால், முதல் முறை வரும் இடத்தில் 'தோணியின் தலைமைப் பொறுப்பாளரான தண்டல்' என்று ஒரு தடவை விளக்கிவிட்டால் போதும். தங்கள் மெய்ப்புத் திருத்துநர்களுக்கு வைத்திருக்கும் சொற்பட்டியலில் தண்டல், தண்டல்காரர் இரண்டையும் தனித்தனிச் சொற்களாகக் குறித்து வைத்தால் அடுத்து வேலைக்கு வருகிறவருக்கும் தெரியும். கடைசிப் பத்தியில் அவரை வட்டி வசூலிப்பவராக்கிய அந்த ஒரு சொல்லுக்குப் பிழைதிருத்தம் தனியாக வெளியிட வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்கிறேன். வெளியிட்டால் அந்தப் பிரதியில் ஒன்றை அந்த வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தோணி ஏஜென்சியின் ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை,
தூத்துக்குடி.